மகஜரின் முதல் வரி: பொலிஸ் சீர்திருத்தத்தில் எதை முதலில் கேட்பது?

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரர் பதினான்கு பேர் சேர்ந்து பொலிஸ் சீர்திருத்தம் பற்றி ஒரு மகஜர் எழுத உட்கார்ந்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. எழுத விஷயம் இல்லாமல் அல்ல. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எவரும் வாசிக்கமாட்டார்கள், முதல் கோரிக்கையாக ஒன்றைத்தான் வைக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்த ஒன்று எது என்பதில்தான் இழுபறி. இருபத்தொன்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் என்பதால் நகல் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளையும் நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். வேறு ஒழுங்கைகளிலும் இதே பேச்சு நடக்கிறது.

எங்களைக் கூட்டியது மேல்மாடி அக்காவின் மகனுக்கு நடந்தது. இருபத்திரண்டு வயது, ஒரு களஞ்சியத்தில் வேலை. களவுபோன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றி விசாரிக்கவென்று ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். இரவு முழுக்க வைத்திருந்தார்கள். அடித்தார்கள். காலையில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் ஒன்றில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, வழக்கு எதுவும் போடாமல் அனுப்பிவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. "பிள்ளை வந்துட்டான் தானே, இதைப் பெரிசாக்க வேணாம்" என்றார் அவனுடைய அப்பா. பிறகுதான் ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. சட்டத்தரணியைத் தேடிப்போனபோது முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப்போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம்.

அந்தப் பிள்ளைக்காக எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஆனால் கவலைப்பட்ட அதே வாய்கள் பொலிஸுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்றும் சொல்லின. அதை நான் குறையாக எழுதவில்லை. இங்கே வாழ்கிறவர்களின் உண்மையான நிலை அதுதான். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, வழக்கொன்றின் எதிரியாக ஆஜர்படுத்தப்பட்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றான். அதே வாரம் எங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு கொலை. அதில் பிடிபட்ட சந்தேகநபர்கள் இருவர் காவலில் இருக்கும்போதே பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தைப் பறிக்க முயன்றார்கள் என்று பொலிஸ் சொன்னது. அன்று ஒழுங்கையில் நான் அதிகம் கேட்டது "நல்லாச் செஞ்சாங்க" என்பதைத்தான். 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போதும் இப்படித்தான் இருந்தது. வீடு வீடாகப் புகுந்ததை ஐ.நா. நிபுணர்கள் கண்டித்தார்கள், பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த தாய்மார் கும்பிட்டார்கள். எங்கள் சந்திக் கடைக்காரத் தம்பி கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "எனக்குக் கப்பம் கேட்டு கோல் வருது அக்கா. பொலிஸின்ட கையையும் கட்டிப்போட்டா நான் யாரிட்ட போவேன்?" அவருக்குப் பதில் சொல்லாத எந்த மகஜரும் அரைவாசி மகஜர்தான்.

எங்களுக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. கூட்டத்தில் இருந்த மூத்த ஐயா ஒருவரின் தங்கை அந்த பஸ்ஸில் இருந்தவர். ஏன் ஏற்றினார்கள் என்பதைவிட, ஏற்றிய பொலிஸ்காரர்களில் ஒருவருக்குக்கூட அவர் பேசியது விளங்கவில்லை என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

முதலில் வந்த யோசனை, பொலிஸ்காரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை எடுத்துவிட வேண்டும், நட்டஈட்டை அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்பது. சட்டம் படிக்கும் பிள்ளை ஒருத்தி அமெரிக்காவை உதாரணம் காட்டினாள். அங்கே 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை மீறிய அதிகாரி மீது வழக்குப் போடலாம். ஆனால் 1967 முதல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, அந்த உரிமை முந்தைய தீர்ப்புகளால் தெளிவாக நிலைநாட்டப்பட்ட ஒன்று என்று காட்டாவிட்டால் அதிகாரி தப்பிவிடுவார். 2020இல் ஜோர்ஜ் புளொய்ட் ஒரு பொலிஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு அதை நீக்கவேண்டும் என்ற குரல் பெரிதாக எழுந்தது. கொலராடோ மாநிலம் அந்த வருடமே, மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் அந்தத் தற்காப்பை எடுத்துவிட்டது. நல்லெண்ணத்தோடு நடக்காத அதிகாரி தீர்ப்புத் தொகையில் ஐந்து வீதம் அல்லது 25,000 டொலர், இவற்றில் குறைந்ததைத் தானே கட்டவேண்டும் என்றும் வைத்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் நோய் அதுவல்ல. இங்கே அடிப்படை உரிமை வழக்கில் அப்படியொரு தடைச்சுவர் கிடையாது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையை விதிவிலக்கே இல்லாமல் தடுக்கிறது. சொந்தப் பணத்திலிருந்து கட்டு என்று நீதிமன்றம் சொல்லியும் இருக்கிறது. 2023 ஜனவரி 12ஆம் திகதி 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியது பற்றிய வழக்கில் முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாவும், அப்போதைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவரும் தலா ஏழரைக் கோடியும் கட்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதே வருடம் டிசம்பரில், மிரிஹானையில் ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதற்காக, அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோன் உள்ளிட்ட அதிகாரிகள் தலா 5 லட்சம் ரூபா செலுத்தவேண்டும், அவர்கள் மீது ஒழுக்காற்று நடவடிக்கையும் எடுக்கவேண்டும் என்றது நீதிமன்றம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்த வழியிலிருந்து விலக்கியது. தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகுமுன், 2024 பெப்ரவரியில், அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதை இடைநிறுத்தியது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல், அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பணம் கட்டச் சொன்ன தீர்ப்பு அவருடைய பதவி உயர்வைத் தடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவரோ அந்தத் தீர்ப்புக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். மேல்மாடி அக்கா எத்தனை வருடம் புதுக்கடைப் படி ஏறுவார்?

எடுத்தெறியவேண்டிய கவசங்கள் சில இருக்கவே செய்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்தோடு செய்த, அல்லது செய்ததாகக் கொள்ளப்படும் எதற்காகவும் அதிகாரி மீது வழக்குத் தொடர விடாது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது. சாதாரண வழக்குகளில் பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. அடித்துக் கேட்கத் தூண்டுவதும், அடித்தவரைக் காப்பதும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்குச் சட்டமா அதிபரின் அனுமதி இல்லாமல் குற்ற வழக்குப் போட முடியாது என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் சொல்கிறது. இவை போகவேண்டும், மகஜரில் எழுதியிருக்கிறேன். ஆனால் மேல்மாடிப் பிள்ளையை அடித்தவர்கள் இதில் எந்தப் பிரிவின் பின்னாலும் ஒளியவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

தண்டனையைக் கூட்டுவோம் என்றவர்களுக்கு நான் சுருக்கமாகப் பதில் சொன்னேன். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடைச் சட்டம் ஏழு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடத்துக்கு மேற்படாத சிறையை ஏற்கெனவே வைத்திருக்கிறது.  முப்பது வருடத்தில் அதன் கீழ் தண்டிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. என் இருபத்தொன்பது வருடச் சேவையில் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கில்கூட மொழிபெயர்க்க நின்றதில்லை. அடி வாங்கிய உடம்புகளை நான் கூண்டில் பார்க்கவில்லை என்று இதற்குப் பொருள் எடுக்கவேண்டாம்.

ஏன் வழக்குகள் தேறுவதில்லை என்பதற்கு ஒரு வழக்கையே சொல்லலாம். 2002 ஜூனில், கொழும்புக் கப்பல் பட்டறையில் சமையற்காரராக இருந்த ஒருவரை, வேறொருவர் என்று நினைத்து வத்தளைப் பொலிஸார் பிடித்துக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். சிறுநீரகம் செயலிழந்தது, நாட்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். 2003இல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரூபா நட்டஈடும் வைத்தியச் செலவும் தரச் சொன்னது. பிறகு மேல் நீதிமன்றத்தில் சித்திரவதை வழக்கு வந்தது. சாட்சி சொல்லச் சில நாட்கள் இருக்கும்போது, 2004 நவம்பரில், வேலைக்குப் போகும் பஸ்ஸில் வைத்து அவரைச் சுட்டார்கள், இறந்துபோனார். 2008இல் வழக்கின் எதிரிகள் விடுதலையானார்கள். ஏழு வருடச் சிறை என்ற வரி சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது, 2023இல் புதிதாக மாற்றி எழுதப்பட்டது.

அடுத்தது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. இதற்குத்தான் எங்கள் கூட்டத்தில் அதிக ஆதரவு, ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் மிக உறுதியாக நின்றார். அவர் நியாயம் இது: 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டம், ஆட்சியாளருக்குக் கீழ்ப்படியும் படையாகத்தான் பொலிஸை உருவாக்கியது, அந்தக் கயிற்றை அறுக்க முயன்ற ஒரே ஏற்பாடு 2001இன் 17ஆவது திருத்தம் தந்த இந்த ஆணைக்குழு. பொலிஸ் மா அதிபர் தவிர்ந்த மற்றவர்களின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காறு எல்லாம் இதன் கையில். பொதுமக்களின் முறைப்பாட்டை விசாரிக்கும் நடைமுறையை வகுப்பதும் இதன் கடமை. நான் மறுக்கவில்லை. 2025 ஜூலையில், உயிர்த்த ஞாயிறு வழக்கில் பொறுப்பாளியாகக் காணப்பட்ட அந்த முன்னாள் புலனாய்வுத் தலைவரைச் சேவையிலிருந்து நீக்கியதும் இந்த ஆணைக்குழுதான். தாக்குதல் நடந்து ஆறு வருடம் கழிந்திருந்தாலும், இவ்வளவு மேலே இருந்த ஒருவரை அது தொட்டது பெரிய விஷயம்.

என் தயக்கம் இரண்டு. ஒன்று, ஆட்சிக்கு ஆட்சி அதன் உயிர் கூடிக் குறைந்தது. 2010இன் 18ஆவது திருத்தம் அதன் அதிகாரத்தைப் பிடுங்கியது, 2015இன் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020இன் 20ஆவது நியமனங்களை மறுபடி ஜனாதிபதியின் கைக்குள் கொண்டுபோனது, 2022இன் 21ஆவது, இப்படியான நியமனங்களைத் தீர்மானிக்கும் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. அடுத்த திருத்தத்தின் இலக்கம் எங்களுக்குத் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. மற்றது, இதைவிட முக்கியம். ஆணைக்குழுவுக்கு எழுதும் முறைப்பாட்டுக்கு, பல வேளை அந்த நிலையத்துக்கு மேலே உள்ள பொலிஸ் அதிகாரியிடம்தான் அறிக்கை கேட்கப்படுகிறது. முறைப்பாட்டாளரை விசாரணைக்கு அழைக்கிறவரும் காக்கிச் சட்டையில்தான் இருக்கிறார். அடிபட்ட பிள்ளை அந்தச் சட்டையைக் கண்டதும் என்ன சொல்வான்? "ஒண்ணும் நடக்கல சேர்" என்பான். நான் அதைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு எத்தனையோ தரம் பெயர்த்திருக்கிறேன், அது பொய் என்று தெரிந்துகொண்டே.

ஆகவே நான் முதல் வரியில் வைக்கச் சொன்னது, பொலிஸுக்கு வெளியே, பொலிஸைச் சாராத புலனாய்வாளர்களைக் கொண்ட ஓர் அமைப்பு. காவலில் மரணம், பொலிஸின் துப்பாக்கிச் சூடு, சித்திரவதை முறைப்பாடு இந்த மூன்றும் எவரும் கேட்காமலே அதனிடம் போகவேண்டும். 2023 மே மாதம், பதுளையிலிருந்து வந்து ராஜகிரியவில் வீட்டுவேலை செய்த எங்கள் மலையகப் பெண் ஒருவர், நகை திருடியதாக வந்த முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸாரால் கைதாகி, காவலில் இறந்தார். இப்படிப்பட்ட மரணத்தில் நீதவான் விசாரணை நடக்கும், உண்மை. ஆனால் நீதவானின் முன்னால் சாட்சிகளையும் தடயங்களையும் கொண்டுவந்து வைப்பது யார்? பொலிஸின் இன்னொரு பிரிவு. முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதப்படுகிறது என்பதில்தான் வழக்கின் தலைவிதி இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதுகிறவர் நாளை அதே திணைக்களத்தில் பதவி உயர்வு எதிர்பார்ப்பவராக இருக்கக் கூடாது.

இதற்கு நான் எடுத்துப்போன உதாரணம் வட அயர்லாந்து. அங்கேயும் ஒரு சமூகத்தவர் நிறைந்த பொலிஸ், அதை நம்பாத இன்னொரு சமூகம், முப்பது வருட ரத்தம். 1999இல், பொலிஸை மாற்றியமைப்பது பற்றி ஆராய்ந்த பற்றன் ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. 2000 நவம்பரில் பொலிஸ் குறைகேள் அதிகாரி அலுவலகம் வேலையைத் தொடங்கியது. சொந்தப் புலனாய்வாளர்கள், கைது செய்யவும் தடயங்களைக் கைப்பற்றவும் அதிகாரம். பொலிஸ் நடவடிக்கையில் ஒருவர் இறந்தால் பொலிஸ் தலைவரே அதை அந்த அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பழைய பொலிஸ்காரர் பலர் இன்றுவரை அந்த அலுவலகத்தைத் தூற்றுகிறார்கள். ஆனால் முறைப்பாடு கொடுக்க அதே நிலையத்துக்குப் போகவேண்டிய கட்டாயம் அங்கே ஒழிந்தது.

"எங்களிட்ட மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கு தானே, புதுசா என்னத்துக்கு?" என்று கேட்டார் மாஸ்டர். நியாயமான கேள்வி. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அது காவலிடங்களுக்குப் போய்ப் பார்க்கலாம், விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். பரிந்துரையோடு அதன் எல்லை முடிகிறது. குற்ற வழக்குத் தொடர அதனால் முடியாது. அதற்கே ஒரு புலனாய்வுப் பிரிவும் அதிகாரமும் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். இன்றைக்கும் அது பயனில்லாத இடம் அல்ல: சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, விசாரணை உண்மையாக நடக்கிறது என்று காட்டவேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் அங்கே முறையிடலாம். மேல்மாடி அக்காவுக்கு இதைச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. நானும் அப்போது மட்டக்களப்பில் மகள் வீட்டில் இருந்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

புலனாய்வு மட்டும் போதுமா என்று சட்டம் படிக்கும் பிள்ளை மடக்கினாள். போதாது. பொலிஸுக்கு ஆலோசனை சொல்வதும், அடிப்படை உரிமை வழக்கில் அரசின் பக்கம் நிற்பதும், யார்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது என்று தீர்மானிப்பதும் ஒரே சட்டமா அதிபர் திணைக்களம். தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்பதை இரண்டாவது வரியாக எழுதினோம்.

கடைக்காரத் தம்பிக்கு நான் தந்த பதில் பொலிஸ்காரரைப் பற்றியது. அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன். எந்தத் திசையிலிருந்து என்பதுதான் கேள்வி. குற்றப்புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளராக இருந்து பெரிய இடத்து வழக்குகளை விசாரித்த ஷானி அபேசேகர, 2019 நவம்பரில் ஆட்சி மாறிய சில நாட்களில் காலிக்கு மாற்றப்பட்டார். 2020 ஜூலையில் கைதானார், 2021 ஜூனில்தான் பிணை கிடைத்தது. 2024இல் ஆட்சி மறுபடி மாறிய பிறகு சேவைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அவரை அந்த வருடங்களில் எந்தச் சட்டக் கவசமும் காக்கவில்லை. சாதாரண மக்களை அடித்தவருக்கு நிழல் இருக்கிறது. மேலிடத்தை விசாரித்தவருக்கு ஒரு குடைகூட இல்லை. கப்பக்காரனின் பின்னால் ஓர் அரசியல்வாதி இருந்தால், அவனைத் தொடும் சார்ஜன்ட் மறுவாரம் எங்கே இருப்பார் என்று தம்பிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் மூன்றாவது வரி: சட்டவிரோதக் கட்டளையை மறுக்கும் உத்தியோகத்தரை இடமாற்றத்தால் பழிவாங்க முடியாதபடி ஆணைக்குழு எழுத்துமூலம் காரணம் கேட்கவேண்டும். மாஸ்டரின் ஆணைக்குழுவுக்கு நான் கொடுக்க விரும்பும் வேலை இதுதான், இதை அது நன்றாகச் செய்யும்.

தம்பி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கட அமைப்பு வந்து சேர ஐஞ்சு வருஷம் ஆகும், கோல் இன்டைக்கு ராவும் வரும்" என்றார். அது உண்மை. என்னிடம் அதற்குப் பதில் இல்லை, இருப்பதாகக் காட்டவும் இல்லை. கையொப்பமிடாமல்தான் போனார். இன்னும் இருவரும் அப்படியே.

மூத்த ஐயா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வாக்குமூலம் கொடுக்கிறவரின் மொழியில் எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்பட்ட பிறகே கையொப்பம் வாங்கவேண்டும் என்பது. 22ஆம் உறுப்புரை எந்த அரச அதிகாரியோடும் தமிழில் கருமமாற்றும் உரிமையை எங்களுக்குத் தந்திருக்கிறது, புதிதாகச் சட்டம் தேவையில்லை என்றேன். "சட்டத்தில இருக்கிறது எனக்குத் தெரியும் பிள்ளை, தாளில இருக்கட்டும்" என்றார். எழுதினேன். முதல் வரிக்கு அடுத்ததாகவே வைத்தேன், மற்றவை ஒரு படி கீழே போயின.

பதினொரு பேர் கையொப்பமிட்டார்கள். மேல்மாடி அக்காவின் மகன் கடைசியாக வந்தான். தமிழ்ப் பிரதியை வாசித்தான், பிறகு சிங்களப் பிரதியை என்னிடம் நீட்டி, "இதில இருக்கிறதும் அதுதானே ஆன்ட்டி?" என்று கேட்டான். உட்காரச் சொல்லி, ஒவ்வொரு வரியாக அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.